குற்ற உணர்வு இல்லாத தேநீர் யாருக்கு?

“குற்ற உணர்வு இல்லாத இனிப்பு.” இது ஒரு தேயிலை டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் வாசகம். உள்ளே 50 கிராம் பிளாக் டீ. விலை 450 ரூபாய். க்ரெம் ப்ரூலே என்கிற பிரெஞ்சு இனிப்பின் சுவையை அதில் ஏற்றியிருக்கிறார்களாம். முட்டை மஞ்சள் கருவும் பாலாடையும் வெனிலாவும் சேர்த்து வேகவைத்து, மேலே சர்க்கரையைத் தூவி நெருப்பில் கருக்கித் தருகிற பண்டம் அது. அதைச் சாப்பிட்டால் உடம்பு பெருக்கும். இந்தத் தேநீரைக் குடித்தால் மணம் மட்டும் கிடைக்கும், கொழுப்பும் சர்க்கரையும் சேராது. ஆகவே குற்ற உணர்வு தேவையில்லை.

அவர்கள் சொல்லும் குற்றம் எது என்று கவனியுங்கள். ஒருவர் தன் இடுப்பளவுக்குத் தானே செய்துகொள்ளும் குற்றம். தேயிலையின் வரலாற்றில் இதைத் தவிர வேறு குற்றமே நடக்கவில்லை போலும்!

டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது: தென்னிந்திய, இலங்கைத் தேயிலைகளின் கலவை. இந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை தலைமுறை தலித்துகளின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை வாங்குபவருக்குச் சொல்ல யாரும் இல்லை. நாம் சொல்வோம்.

குடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்

சென்னையில் ஒரு கஃபேயில் ‘டீ டேஸ்டிங்’ என்று ஒரு மாலை நிகழ்ச்சி. தொண்டு நிறுவனத்தில் வேலை செய்யும் தோழி ஒருவர் அழைத்துப் போனார். வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். தேயிலை ருசி பார்ப்பதற்கான சர்வதேசத் தர விதிமுறை அது என்று விளக்கினார்கள். சரியான தகவல்தான்.

இலை காய்ந்திருக்கும்போது முகர்ந்தால் கருகிய சர்க்கரையும் வெனிலாவும் மூக்கைத் தூக்குகின்றன. வாயில் வைத்தால் இனிப்பு இல்லை. நாக்குக்குக் கிடைப்பது லேசான துவர்ப்பும் சாதாரணத் தேயிலையின் கசப்பும்தான். விழுங்கிய பிறகு தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் மணம் ‘இனிப்பு சாப்பிட்டாய்’ என்று மூளையை நம்பவைக்கிறது. இதுதான் இந்தத் தேநீரின் மொத்த வித்தை. பால் ஊற்றி ஒரு கரண்டி சர்க்கரை போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ருசியான எதையும் நாம் குடிக்கக் கூடாது என்பதா நம் அரசியல்? ருசி யாருடைய தனிச்சொத்தும் அல்ல.

என் சிக்கல் அடுத்து வந்த பேச்சில். ருசி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு சொல் சொன்னார். கேரமல். பாலாடை. லேசான மரப்புகை. மூடுபனி. மலை உச்சியின் குளிர்ச்சி. மண், மழை, உயரம், காற்று, எல்லாமே அந்தக் கிண்ணத்தில் இருக்கிறதாம். இலையைப் பறித்தது யார் என்று கேட்டேன். “பெண்கள். மென்மையான விரல்களால் இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளுவார்கள்” என்றார்.

மென்மையான விரல்கள்! தேயிலைப் பாலின் கறை ஏறி வெடித்துப்போன விரல்களை இவர்கள் பார்த்ததே இல்லை. தென்னிந்தியத் தோட்டங்கள் பலவற்றில் இப்போது விரலால் கிள்ளுவதும் குறைவு. நிர்வாகம் கேட்கும் எடையைக் காட்ட, பை கட்டிய கத்தரியால் நாள் முழுக்க வெட்டுகிறார்கள். தோள்பட்டை போகிறது, இடுப்பு போகிறது. இரண்டு இலை ஒரு மொட்டு டப்பாவின் மேல் படமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மழையின் சுவை தெரிகிற நாக்குக்கு, அந்த மழையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு அட்டைக்கடியோடு நின்ற பெண்ணின் சுவை தெரியவில்லை. இது நாக்கின் கோளாறு அல்ல, பழக்கிய விதம். பார்க்கக் கூடாததைப் பார்க்காமல் இருக்க இந்தச் சமூகம் கண்ணைப் பழக்கியிருக்கிறது. அதே பள்ளிக்கூடத்தில்தான் இந்த நாக்கும் படித்திருக்கிறது.

இன்னொன்றும் கண்டேன். உறிஞ்சிக் குடிக்க வேண்டுமாம், சத்தம் நன்றாக வர வேண்டுமாம். பிறகு விழுங்காமல் பக்கத்திலிருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாமாம். நிபுணர்கள் அப்படித்தான் செய்வார்களாம். நம் பெரியவர்கள் உறிஞ்சினால் நாகரிகமில்லை, இவர்கள் உறிஞ்சினால் நிபுணத்துவம். பேஷ்வாக்களின் ஆட்சியில் பூனா நகரத் தெருவில் தீண்டப்படாதவர் எச்சில் தரையில் விழக் கூடாது என்று கழுத்தில் மண்சட்டியைக் கட்டித் தொங்கவிட்ட கொடுமையை அண்ணல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவு செய்திருக்கிறார். எச்சிலுக்கும் சாதி பார்த்த நாட்டில் ஒருவருடைய துப்பல் கலையாகிறது, இன்னொருவருடைய துப்பல் தீட்டாகிறது.

ஒரு டப்பாவின் கணக்கு

உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறேன் என்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அப்படியானால் 50 கிராமுக்கு 225 கிராம் பச்சை இலை. டப்பாவில் கேரமல் துண்டுகளும் உண்டு. அதையும் தேயிலையாகவே எண்ணிக்கொள்கிறேன், கணக்கு அவர்களுக்குச் சாதகமாகவே இருக்கட்டும்.

2015 செப்டம்பரில் மூணாறில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததுதான் தீப்பொறி. இறங்கியவர்களில் பெரும்பான்மையினர் தமிழ் பேசும் தலித் பெண்கள். கட்சிகளின் தொழிற்சங்கத் தலைவர்களையே மேடையிலிருந்து விரட்டினார்கள். அன்று அவர்கள் ஒரு நாளைக்குப் பறித்துக் கொடுக்க வேண்டிய இலை 21 கிலோ. தினக்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு 301 ஆனது.

அந்த 301 ரூபாயை வைத்தே பாருங்கள். நம் டப்பாவில் இருக்கும் 225 கிராம் பச்சை இலைக்குப் பறித்தவருக்குக் கிடைத்தது 3 ரூபாய் 23 காசு. கூலியை இரண்டு மடங்காக்கினாலும் 7 ரூபாயைத் தொடாது. டப்பாவின் விலை 450.

ஆலைச் செலவு, போக்குவரத்து, வரி, கடை வாடகை எல்லாம் உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தகர டப்பாவுக்கும், மேலே தங்க எழுத்து வரைந்தவருக்கும், வெனிலா மணத்தைத் தெளித்த எந்திரத்துக்கும் இந்த 7 ரூபாயைவிட அதிகம் போயிருக்கும். தானாகவே நல்ல மணம் உள்ள தேயிலைக்கு மேல்மணம் ஏற்ற வேண்டிய தேவை இல்லை. நடுத்தரத் தேயிலையை ஐந்து மடங்கு விலைக்கு விற்க உதவுவதுதான் அந்த மணம். அதில் ஏறும் ஒரு ரூபாயாவது மலைக்குத் திரும்பிப் போகிறதா?

“டீயில் கூடவா சாதி?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஒவ்வொரு முறையும் வருகிறது. பதிலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் சாதியைக் கற்றுக்கொள்ள மனுநூலைப் படிக்க வேண்டியதில்லை, டீக்கடைக்குப் போனால் போதும். முதலில் கொட்டாங்குச்சி. பிறகு தனிக் குவளை, அதைக் குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கடையிலும் உணவகத்திலும் பாகுபாடு கூடாது என்று 15ஆவது பிரிவு தனியாகவே சொல்கிறது. டீக்கடைக்காரருக்கு அது கேட்கவில்லை. இரட்டைக் குவளை முறைக்கு எதிராக ஊர் ஊராகப் போராட்டங்கள் நடந்தன, வழக்குகள் பதிவாயின. பிறகு பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் ஒரே கப், பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், சேரிக்காரர் வந்தால் கேட்காமலே பேப்பர் கப் என்று பல கடைகளில் அதையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தூக்கி எறிகிற குவளையில் தீண்டாமைக்குத் தடயம் கிடையாது.

இது கோப்பையின் கதை. இலையின் கதை இன்னும் நீளம்.

இலங்கையில் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரானது. காப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்த பிறகு மலையகம் முழுக்கத் தேயிலை ஏறியது. அந்த மலைகளுக்கு ஆள் போனது திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து. போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். கூட்டிப்போன கங்காணி பெரும்பாலும் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதி. வழிச்செலவு கடனாக எழுதப்பட்டது. கடனைக் குறித்த ‘துண்டு’ இருந்தால்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும். ஊரில் பண்ணையாரிடம் இருந்த அடிமைத்தனத்தை வெள்ளைக்காரர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் மலையில் நட்டார்கள். லயன் வரிசைகளிலும் சாதி எப்படித் தொடர்ந்தது என்பதை ஆர். ஜெயராமன் 1975இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் மூன்று தோட்டங்களை வைத்து விளக்கினார். நூலின் தலைப்பே இலங்கையில் சாதியின் தொடர்ச்சி என்பதுதான். எங்கள் சமூகவியல் வகுப்புகளில் ‘புலம்பெயர்ந்தால் சாதி தளரும்’ என்று சொல்லித்தருகிறார்கள். யாருக்குத் தளரும், எதுவரை தளரும் என்று கேட்க வேண்டும்.

இந்தப் பக்கம் வால்பாறை. அங்கு மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் கண்டதையும் கேட்டதையும் 1969இல் ‘ரெட் டீ’ என்று நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குத் தந்தார். டேஸ்டிங் நடத்துகிறவர்கள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தையும் ஒன்று வைக்கலாம். தேநீரின் நிறம் ஏன் சிவப்பு என்று அது சொல்லும்.

1948இல் சுதந்திர இலங்கை இந்த மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். தேயிலையைக்கூட இப்படி மதிப்பிடாமல் பிரிக்க மாட்டார்கள். திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியின் டான்டீ தோட்டங்களில் மறுபடி கூடை சுமந்தார்கள். டப்பாவின் பின்பக்கத்தில் ‘தென்னிந்திய, இலங்கைத் தேயிலைகளின் கலவை’ என்று இருப்பது தேயிலைக்கு மட்டும் பொருந்துவதல்ல. மனிதர்களை முதலிலேயே அப்படிக் கலந்துவிட்டார்கள்.

இனிப்பின் பக்கம்

தேயிலைதான் கசப்பு, இனிப்பாவது சுத்தமா? வெனிலா கொடியின் பூவைக் கையால் மகரந்தம் சேர்த்துக் காயாக்கும் வழியை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தது எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது கறுப்பு அடிமைச் சிறுவன். உலக வெனிலா வணிகம் அந்தச் சிறுவனின் விரலிலிருந்து எழுந்தது. அவர் 1880இல் வறுமையில் செத்தார். கரும்புக்கு நாமே சாட்சி: மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் பீஜிக்கும் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளில் நம் சேரிகளின் மக்கள் எத்தனை எத்தனை! ஐரோப்பாவின் உணவு மேசையில் கடைசியாக வருகிற இனிப்புத் தட்டை உலகத்தின் அடிமைகளெல்லாம் சேர்ந்து சமைத்திருக்கிறார்கள்.

இனிப்பையும் தேநீரையும் சேர்க்கிற வித்தை மலையக லயன்களில் எப்போதோ உண்டு. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிப்பார்கள். கோப்பைக்குள் போட்டால் இரண்டு கரண்டி வேண்டும், கையில் வைத்தால் அரைக் கரண்டியில் முடிந்துவிடும். நாக்கில் சீனி, தொண்டையில் சாயம். 450 ரூபாய் டப்பா சொல்லும் ‘சர்க்கரை குறைந்த இனிப்புத் தேநீர்’ இதுதான். ஒருவருக்கு அது வறுமை, இன்னொருவருக்கு அது வாழ்க்கைமுறை.

மாஞ்சோலையில் மிச்சமிருப்பது

இது பழைய கதை என்று யாராவது சொன்னால் மாஞ்சோலையைப் பார்க்கச் சொல்லுங்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு 8,000 ஏக்கருக்கு மேல் காட்டைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. அங்கே காட்டைத் திருத்தித் தேயிலையை வளர்த்தவர்களில் மிகப்பெரும்பாலோர் தலித்துகள்.

கூலி உயர்வு கேட்டதற்காகச் சிறையில் அடைக்கப்பட்ட தொழிலாளர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனது ஊர்வலம். காவல்துறை அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. ஒரு சில ரூபாய்க் கூலிக்கு இந்த நாடு கேட்ட விலை அது. குற்ற உணர்வு பற்றிப் பேச வேண்டுமானால் அங்கிருந்து தொடங்குங்கள்.

பிறகு 2024. குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே நிறுவனம் தோட்டத்தை விட்டுப் போக முடிவு செய்தது. விருப்ப ஓய்வு என்று தாளை நீட்டியது. யாருடைய விருப்பம்? தோட்டத்தை டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, காடு காடாக வேண்டும் என்றார்கள். காடு காடாகட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால் நிறுவனம் லாபத்தோடு போகிறது, வனத்துறை நிலத்தோடு நிற்கிறது, நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்தவர் மட்டும் பெட்டியோடு இறங்க வேண்டும். இது என்ன நீதி?

இதற்குப் பெயர் நிர்வாகச் சிக்கல் அல்ல. தோட்டத் தொழிலாளிக்கு வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகம் வீடு தர வேண்டும் என்றது, அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. வேலை போனால் கூரை போகும். அதனால் எதிர்த்துப் பேசவும் பயம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரை விழுங்கியபோது, அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தது லயன் வரிசையில். சொந்தமாக நாலு சென்ட் இருந்தால் அந்தச் சரிவின் அடியில் யார் படுத்திருப்பார்கள்? ஊரில் நிலம் இல்லாததால் மலைக்குப் போனார்கள். மலையில் நூறாண்டு உழைத்தும் நிலம் இல்லை. இந்த வட்டத்துக்குச் சாதி என்று பெயர்.

என்ன செய்யச் சொல்கிறேன்?

டீயை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. நாம் நிறுத்தினால் முதலில் வேலை இழப்பது பறிப்பவர்தான். டப்பாவில் பச்சை முத்திரை ஒன்றைக் குத்திவிட்டு ‘அறத்தோடு வாங்கப்பட்டது’ என்று எழுதுவதும் எனக்குப் போதாது. பூச்சிமருந்தைக் கணக்கெடுக்கிற முத்திரைகள் இருக்கின்றன. லயன் வீட்டின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கிற முத்திரையை நான் பார்த்ததில்லை.

எந்த மலை, எவ்வளவு உயரம் என்று அச்சிடுகிறவர்கள் எந்தத் தோட்டம், பறிக்கிறவருக்கு என்ன தினக்கூலி என்பதையும் அச்சிடட்டும். ஒரு வரிதான், இடம் இருக்கிறது. மணம் ஏற்றி விலை ஏற்றுகிறவர்கள் ஏறிய விலையில் ஒரு பங்கைத் தொழிலாளிக்குக் கொடுக்கச் சட்டம் வேண்டும். குடியிருக்கும் வீடும் அதைச் சுற்றிய நிலமும் தோட்டத் தொழிலாளியின் பெயரில், குறிப்பாகப் பெண்ணின் பெயரில், பட்டாவாக வேண்டும். மாஞ்சோலை மக்களுக்குக் குடியிருப்பு வாரிய அடுக்குமாடி போதாது, விவசாய நிலம் வேண்டும். இதை நீலகிரிக்கும் வால்பாறைக்கும் சேர்த்தே கேட்க வேண்டும். ஏனென்றால் 2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தையும் வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அடுத்து பெட்டி கட்டப்போவது தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள்.

அதுவரை ‘குற்ற உணர்வு இல்லாத’ என்ற சொல்லை அந்த டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் இடுப்பு எத்தனை அங்குலம் என்பது எங்கள் கவலை அல்ல. எங்கள் கணக்கில் வரவேண்டியது நிலமாகவும் கூலியாகவும் வந்து சேரட்டும், குற்ற உணர்வு இருக்கிறதா இல்லையா என்று அதன்பிறகு பேசலாம்.

ஜெய் பீம்.